ஷூ பெய்ஹோங்கின் மையும் எண்ணெயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷூ பெய்ஹோங் என்பவர் பாய்ந்தோடும் குதிரைகளை வரைந்தவர்தானே?

அவரேதான். 1895-ல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்து யீசிங்கில் பிறந்தார். 1953-ல் பெய்ஜிங்கில் மறைந்தார். வெளியுலகம் அவரைக் குதிரைகளுக்காக நினைவில் வைத்திருக்கிறது. சீனாவிலோ அவர் ஓவியராக இருந்த அளவுக்கு ஆசிரியராகவும் இருந்தவர். நான்ஜிங்கில் தேசிய மத்தியப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். 1946-ல் பெய்ஜிங் கலைக்கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். 1950-ல் மத்திய நுண்கலைக் கழகம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இன்றைக்கும் சீன ஓவியப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வில் கரிக்கோட்டுச் சித்திரம் கட்டாயமாக இருப்பதற்குப் பின்னால் அவருடைய கை கணிசமாக இருக்கிறது.

சில பழைய ஆவணங்களில் 'ஜூ பெயோன்' என்று இருக்கிறதே, அது வேறு ஆளா?

ஒரே ஆள்தான். பாரிஸில் இருந்தபோது பிரெஞ்சுக்காரர் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொண்ட எழுத்துமுறை அது. 'ஷூ' குடும்பப் பெயர், முதலில் வரும். பெற்றோர் வைத்த பெயர் ஷோகாங். 'பெய்ஹோங்' இளமையில் அவரே சூட்டிக்கொண்டது. துயருறும் அன்னம் என்று பொருள் சொல்லலாம். பட்டியல்களில் தேடும்போது இரண்டு எழுத்துமுறைகளிலும் தேடுங்கள்.

மேற்கத்திய ஓவியத்தை எங்கே, யாரிடம் கற்றார்?

முதல் ஆசிரியர் அப்பா. ஊர்ப்புறத்தில் ஓவியம் வரைந்தும் பாடம் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர் அவர். 1917-ல் சில மாதம் டோக்கியோ. 1919-ல் அரசு உதவித்தொகையோடு பிரான்ஸ். பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் பிளாமெங்கின் வகுப்பு. அதற்கு வெளியே பாஸ்கல் தாக்னான்-பூவரே என்ற மூத்த ஓவியரின் வீட்டுப் பட்டறை. உதவித்தொகை தடைபட்ட காலத்தில், 1921 முதல் 1923 வரை பெர்லினில் இருந்தார். அங்கே ஆர்தர் காம்ப்பிடம் பயின்றதோடு, விலங்குக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளை உட்கார்ந்து வரைந்தார். 1927-ல் நாடு திரும்பினார்.

அந்தச் சமயம் பாரிஸில் மத்தீஸ், பிக்காசோ போன்ற நவீன ஓவியர்கள் பேசுபொருளாக இருந்தார்கள். ஷூ அந்தப் பக்கமே போகவில்லை. 'நடப்பு மோகத்தில் மயங்காதே, சின்ன வெற்றியில் திருப்தி அடையாதே' என்று தாக்னான்-பூவரே சொன்னதை அவர் ஆயுள் முழுதும் பிடித்துக்கொண்டார். இது அவருடைய பலம். பிறகு வந்த வம்புகளுக்கும் இதுதான் வேர்.

மையையும் எண்ணெய் வண்ணத்தையும் ஒரே தாளில் கலந்தாரா?

இல்லை. இதுதான் அவரைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம். செய்து பார்த்தாலே தெரியும்: உறிஞ்சும் சீனத் தாளில் எண்ணெய் வண்ணம் வைத்தால், ஆளி விதை எண்ணெய் வண்ணத்தை விட்டுப் பிரிந்து சுற்றிலும் மஞ்சள் வளையமாகப் படரும். சில வருடங்களில் அந்த இடம் பழுப்பேறி நொறுங்கும்.

அவர் கேன்வாஸில் எண்ணெய், தாளில் மை என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்தார். இரண்டையும் இணைத்தது கோட்டுச் சித்திரம். ஒரு மனித உடலை, குதிரையைக் கரியால் பல நூறு முறை வரைந்து எலும்பும் தசையும் கைக்குள் வந்தபின் மைத்தூரிகையை எடுப்பது அவர் முறை. குதிரையை மட்டுமே ஆயிரம் தாளுக்குக் குறையாமல் வரைந்ததாகவும் அதன் உடற்கூற்றைப் படித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். மேற்கிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது வண்ணத்தை அல்ல, பார்க்கும் பழக்கத்தை.

இருபது வயதுகளிலேயே இதற்கு ஒரு சூத்திரமும் சொன்னார்: பழைய முறைகளில் நல்லதைக் காப்போம், அழியப் போவதைத் தொடர்வோம், சரியில்லாததை மாற்றுவோம், போதாததைக் கூட்டுவோம், மேற்கத்திய ஓவியத்தில் கொள்ளத்தக்கதைக் கரைத்துக்கொள்வோம்.

வகுப்பில் என்ன கற்பித்தார்? 'புதிய ஏழு விதிகள்' என்றால் என்ன?

சீன மரபில் ஷியே ஹே வகுத்த ஆறு விதிகள் சுமார் 1500 ஆண்டுகளாகப் புழக்கத்தில் உண்டு; அவற்றில் முதலிடம் 'உயிர்மூச்சு' என்ற பண்புக்கு. ஷூ 1932-ல் எழுதிய ஏழு விதிகள் அதைத் தலைகீழாக்கின. உருவங்களைத் தாளில் சரியான இடத்தில் வை, அளவு விகிதம் பிசகாதே, கறுப்பு வெள்ளையைத் தெளிவாகப் பிரி, அசைவு இயல்பாக இருக்கட்டும், அடர்வும் லேசும் ஒத்துப்போகட்டும், குணம் முகத்தில் தெரியட்டும், கடைசியாக, உயிர்ப்பு. முதல் ஆறையும் செய்தவனுக்குத்தான் ஏழாவது கிடைக்கும் என்பது கணக்கு. தொடங்கும்போதே 'உயிர்ப்பு' தேடுகிற மாணவன் வெறும் தூரிகை வீச்சோடு நின்றுபோகிறான். வகுப்பறையில் இந்த வரிசை வேலை செய்கிறது.

இன்னும் நேரடியான அறிவுரை, மாணவர்களுக்கு அவர் சொன்ன மூன்று 'மேல்'கள்: உருண்டையைவிடச் சதுரம் மேல், சுத்தத்தைவிட அழுக்கு மேல், சாமர்த்தியத்தைவிடத் தடுமாற்றம் மேல். தொடக்க மாணவன் தோளையும் கன்னத்தையும் வழவழவென்று வளைத்துவிடுவான். உள்ளே எலும்பு எங்கே திரும்புகிறது என்று பார்க்கமாட்டான். வளைவைச் சிறு நேர்கோடுகளாக உடைத்து வரைந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தே ஆகவேண்டும். 'அழுக்கு' என்பது அழித்துத் திருத்திய தடம். தாள் பளிச்சென்று இருந்தால் ஒருமுறைகூடத் திருத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதாவது உண்டா?

தாக்னான்-பூவரே அவருக்குக் கொடுத்த பயிற்சியையே செய்யலாம். சொரசொரப்பான தாள் ஒன்று, கொடிக்கரி (கொடிக்குச்சியைச் சுட்டுச் செய்த வரைகரி), பிசைந்து உருமாற்றக்கூடிய மென்மையான அழிரப்பர். ஒரு பொருளை எதிரே வைத்து ஒன்றரை மணி நேரம் கவனமாக வரையுங்கள். முடிந்ததும் பொருளையும் படத்தையும் மூடிவிட்டு, வேறு தாளில் நினைவிலிருந்து 20 நிமிடம் வரையுங்கள். பிறகு பொருளைத் திறந்து வைத்து, நினைவுப் படத்தைத் திருத்துங்கள். முதல் படத்தைப் பார்த்துத் திருத்தக் கூடாது; அப்படிச் செய்தால் பழைய பிழையே பிரதியாகும்.

மை ஓவியத்துக்கு இது ஏன் முக்கியம்? உறிஞ்சும் தாளில் மை இட்டால் அழிக்க முடியாது. மாடலை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வரையவும் நேரமில்லை. நீங்கள் நிமிர்வதற்குள் மை படர்ந்துவிடும். எனவே உருவம் முன்னரே மனதில் இருந்தாக வேண்டும். பாரிஸில் கற்ற நினைவுப் பயிற்சி மை வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது இதனால்தான்.

அவர் பாணியில் ஒரு குதிரையை மையில் வரைவது எப்படி?

தாள்: மை படராமல் தடுக்கும் பசை எதுவும் பூசாத 'பச்சை' ஷுவான் தாள் ('பச்சை' என்றால் நிறமல்ல, பதப்படுத்தாதது). ஆன்ஹுயி மாகாணத்தில் நீலச் சந்தனம் என்ற மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. முழுத்தாள் 138 × 69 செ.மீ.; பழக அதில் கால்பங்கு போதும். வழவழப்பான பக்கம்தான் முன்பக்கம். படிகாரமும் பசையும் ஏற்றிய தாளும் அதே பெயரில் கிடைக்கும். அதில் மை படராது, இந்த வேலைக்கு உதவாது. கடையில் சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சினால் பச்சைத் தாள், முத்தாக நின்றால் மற்றது. தாளுக்கு அடியில் கம்பளித் துணி விரிக்க வேண்டும். வெறும் மேஜையில் மை அடியில் தேங்கித் திட்டாகும்.

தூரிகை: பெரிய ஆட்டுமயிர்த் தூரிகை ஒன்று உடலுக்கு, விறைப்பான கீரியின மயிர்த் தூரிகை ஒன்று தலைக்கும் காலுக்கும்.

மை: மை உரைக்கும் கல்லில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு, மைக்கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் 10 முதல் 15 நிமிடம் உரைக்கவும். மூன்று கிண்ணங்கள்: கல்லிலிருந்து எடுத்தபடியே அடர்மை ஒன்று, ஒரு பங்கு மைக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்த நடுமை ஒன்று, ஒன்றுக்குப் பதினைந்து ஒன்று. காய்ந்தால் மை ஒரு படி வெளிறும் என்பதால் கழிவுத் தாளில் இட்டு, காயவிட்டுப் பாருங்கள். நேற்று உரைத்த மை வேண்டாம். பசை கெட்டுப்போயிருக்கும், பின்னால் படத்தைத் தாளில் ஒட்டிப் பதிக்கும்போது கரைந்து ஓடும்.

அளவு: தலையின் நீளத்தை ஓர் அலகாக வையுங்கள். மார்பிலிருந்து பிட்டம் வரை ஏறத்தாழ இரண்டரைத் தலை; நிலத்திலிருந்து தோள்மேடு வரையும் அதே இரண்டரை. ஷூ கால்களைக் கொஞ்சம் நீட்டுவார், மார்பை அகலமாக்குவார், குளம்பைப் பெரிதாக்குவார், வயிற்றைச் சுருக்குவார். இயல்பான அளவு கைக்கு வந்தபிறகு இதைச் செய்யுங்கள்.

வரையும் வரிசை இப்படி. சிறு தூரிகையால் கண், மூக்குத்துளை, தாடை, காது. பிறகு பெரிய தூரிகையை நடுமையில் நனைத்து, நுனியை மட்டும் அடர்மையில் தொட்டு, பக்கவாட்டில் படுக்க வைத்துத் தாடைக்குப் பின்னிருந்து மார்பு வரை ஒரே இழுப்பில் கழுத்து. மார்பு இரண்டு மூன்று இழுப்புகள். அவற்றுக்கு நடுவே தாளின் வெள்ளையை விட்டுவிட வேண்டும். அதுதான் வெளிச்சம் விழும் தசை. வயிற்றுக்கு ஒரு மெல்லிய கோடு. பிட்டத்துக்கு ஒரு வளைந்த இழுப்பு, மறுபடி உச்சியில் வெள்ளை. கால்கள் அடர்மையில், மூட்டுக்கு மூட்டு நிறுத்தி. கடைசியாகப் பிடரியும் வாலும்: அடர்மை எடுத்த தூரிகையைத் துணியில் ஒற்றி, மயிரை விரித்து, ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் வேகமாக. வறண்ட தூரிகையின் கீற்றுகளுக்கிடையே தாள் தெரிந்தால் காற்று தெரியும்.

பிட்டத்திலும் மார்பிலும் விட்ட அந்த வெள்ளையில்தான் மேற்கும் கிழக்கும் சந்திக்கின்றன. ஒளி எங்கே விழும் என்ற அறிவு பாரிஸிலிருந்து வந்தது. அதை வண்ணம் பூசிக் காட்டாமல் தாளை விட்டுக் காட்டுவது சீன மரபு.

நான் வரைந்தால் குதிரை பலூன் மாதிரி ஊதிப்போகிறது. ஏன்?

தூரிகையில் தண்ணீர் அதிகம், அல்லது கை மெதுவாகப் போகிறது. நனைத்த தூரிகையைக் கிண்ண விளிம்பில் இருமுறை வழித்துவிட்டு எடுங்கள்.

வேறு வழக்கமான சிக்கல்களும் உண்டு. ஈரமான இழுப்பின்மேல் இன்னொன்றை வைத்தால் எல்லையில் வெளிறிய நீர்வரி விழும். தெரிந்து செய்தால் தசைப் பிளவாக உதவும், தெரியாமல் செய்தால் அழுக்கு. படம் முழுக்கச் சாம்பலாகச் செத்துக் கிடந்தால் நடுமையில் மட்டுமே வேலை நடந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு வெள்ளை வண்ணம் தொட்டால் அது சுவரில் அப்பிய சுண்ணாம்பாகத் துருத்தி நிற்கும்.

ஆனால் பெரும்பாலோர் தவறுவது காலில். முன்காலில் நாம் 'முட்டி' என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமம். அதற்குக் கீழ்ப்பகுதி பின்னோக்கி மடியும், மூட்டு முன்னால் நீட்டும். பின்காலில் பின்னோக்கிக் கூர்மையாக நீட்டுவது நம் குதிகால். இந்த இரண்டையும் குழப்பிய குதிரை எவ்வளவு அழகான மையில் இருந்தாலும் ஓடாது.

அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்கள் எப்படி?

'தியான் ஹெங்கும் ஐந்நூறு வீரர்களும்' 1928-ல் தொடங்கி 1930-ல் முடித்தது. 197 × 349 செ.மீ. ஹான் பேரரசுக்குப் பணிய மறுத்த தலைவன், தன் ஆட்களிடம் விடைபெறும் காட்சி. பிரெஞ்சு வரலாற்று ஓவிய இலக்கணத்தில் சீனக் கதை. ஒவ்வொரு உருவமும் தனித்தனியே பிரமாதம். சேர்த்துப் பார்த்தால் நாடக மேடையில் வரிசையாக நிறுத்தியது போல இருக்கிறது, ஆட்களுக்கு நடுவே காற்று இல்லை.

அதற்குப் பக்கத்தில் 1931-ல் மையில் வரைந்த 'ஜியூ ஃபாங்காவ்' படத்தை வையுங்கள். 139 × 351 செ.மீ.; குதிரையின் தரம் அறிந்த ஒருவன் கறுப்புக் குதிரையைக் கண்டுகொள்ளும் காட்சி. அதே உடற்கூறு, அதே நாடகம், ஆனால் வெற்றுத் தாள் ஆட்களைச் சுவாசிக்க விடுகிறது. அவருடைய இணைப்பு மையில்தான் கனிந்தது, எண்ணெயில் அது முயற்சியாகவே நின்றது என்பது எங்கள் கருத்து. கடிவாளம் பூட்டாமலே குதிரை வரைபவர், இந்தப் படத்துக் குதிரைக்கு மட்டும் பூட்டியிருக்கிறார். தன் அருமை தெரிந்தவனுக்குக் குதிரை தானே பணியும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

எண்ணெயில் விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம்: 1939-ல் சிங்கப்பூரில் வரைந்த 'சாட்டையைக் கீழே போடு'. போர்க்கால வீதி நாடகத்தில் நடித்த வாங் யிங்தான் அதில் இருப்பவர். 2007-ல் ஹாங்காங்கில் 7.2 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது.

இந்தியாவுக்கு வந்தாராமே?

தாகூரின் அழைப்பில் 1939 இறுதியில் சாந்திநிகேதன் வந்தார். ஓவியர் நந்தலால் போஸ் அங்கே கலாபவனம் என்ற கலைப்பள்ளியை நடத்திக்கொண்டிருந்த காலம். தாகூரைப் பலமுறை வரைந்தார். சாந்திநிகேதனிலும் கல்கத்தாவிலும் கண்காட்சி வைத்தார். 1940 பிப்ரவரியில் காந்தி சாந்திநிகேதனுக்கு வந்தபோது சில நிமிடங்களில் ஒரு கோட்டுச் சித்திரம் வரைய, காந்தி அதில் கையெழுத்திட்டார்.

அதே வருடம் டார்ஜிலிங்கில் 'மலையை நகர்த்திய மூடக் கிழவர்' முடிந்தது: மை ஓவியம், 144 × 421 செ.மீ. வீட்டு வாசலை மறைக்கும் மலைகளைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி அகற்றுவேன் என்று கிளம்பும் தொண்ணூறு வயதுக் கிழவரின் சீனக் கதை. ஜப்பானுடன் போர் நடந்துகொண்டிருந்தது. சொல்ல வந்தது எல்லோருக்கும் புரிந்தது. கடப்பாரை ஓங்கும் அந்த ஆடையற்ற ஆட்களுக்கு மாடலாக நின்றவர்கள் இந்தியர்கள். முகங்களைக் கவனித்தால் தெரியும். சீன மை மரபில் இவ்வளவு பெரிய நிர்வாண உடல்கள் அதற்குமுன் வழக்கமே இல்லை.

பிறகு மலாயா சென்றார். 1941-ல் பினாங்கில், சாங்ஷா நகரப் போர்ச் செய்தியைக் கேட்டுக் கவலையில் வரைந்த பாயும் குதிரை மிகப் புகழ்பெற்றது. அந்தக் கவலையைப் படத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கண்காட்சிகளின் வருவாய் போர் நிவாரணத்துக்குப் போனது.

சீனாவிலேயே அவரை விமர்சிப்பவர்கள் இருக்கிறார்களா?

நிறைய. 1929-ல் ஷாங்காயில் நடந்த முதல் தேசியக் கண்காட்சியை ஒட்டி, செசான், மத்தீஸ் போன்ற பிரெஞ்சு நவீன ஓவியர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்; கவிஞர் ஷூ ஷிமோ பதில் எழுதினார். 1947-ல் மரபு ஓவியம் பயிலும் மாணவர்களும் கோட்டுச் சித்திரம் பயிலவேண்டும் என்றபோது, அவர் கல்லூரி ஆசிரியர்கள் மூவர் வகுப்பைப் புறக்கணித்தார்கள்.

அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. கரியில் நிழலிட்டுப் பழகிய கை, மைக்கோட்டையும் வெறும் எல்லைக்கோடாகவே பார்க்கத் தொடங்கும். ஒரே கோட்டுக்குள் தடிப்பும் மெலிவும் வேகமும் காட்டும் மரபு நழுவும். ஷூவுக்கு அது நேரவில்லை, காரணம் அவருக்கு எழுத்துக்கலைப் பயிற்சி ஆழமாக இருந்தது. அறிஞர் காங் யோவெயிடம் பழைய கல்வெட்டு எழுத்துகளைக் கற்றவர். மேற்கத்தியப் பயிற்சியே இல்லாத, தச்சராகத் தொடங்கிய ச்சி பாய்ஷியைக் கல்லூரிக்கு ஆசிரியராக அழைத்து வந்ததும் அவர்தான். பின்வந்த தலைமுறைக்குக் கரி மட்டும் மிஞ்சி, எழுத்துக்கலை போனது. பழியை அவர்மேல் முழுசாகப் போட முடியாது.

லின் ஃபெங்மியானிடமிருந்து அவர் எப்படி வேறுபடுகிறார்?

அதே காலத்துச் சீன ஓவியரான லின்னும் பிரான்சில் படித்தவர்தான். அவர் எடுத்துக்கொண்டது நவீனர்களின் வண்ணத்தையும் எளிமையையும். சதுரத் தாளில் மையோடு ஒளிபுகா வண்ணம் சேர்த்தார். ஷூவிடம் எலும்பு, லின்னிடம் நிறம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு 'ஷூ பெய்ஹோங் குதிரை' இருக்கிறது. அசலா?

பெரும்பாலும் இல்லை. முதலில் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளிகள் இல்லாமல், மை ஊடுருவியது போலத் தெரிந்தும் தூரிகையின் அழுத்த மாற்றம் தட்டையாக இருந்தால் மரக்கட்டை அச்சுப் பிரதியாக இருக்கலாம். பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் நிறுவனம் அவர் படங்களை அப்படி அருமையாக அச்சிட்டிருக்கிறது. கையால் வரைந்த போலி என்றால் மேலே சொன்ன கால் மூட்டுகளைப் பாருங்கள். பிறகு எழுத்து: அவருடைய எழுத்து கனமாக, சற்றே மழுங்கிய மூலைகளோடு இருக்கும். முத்திரையை மட்டும் நம்பவே கூடாது, எளிதில் நகலெடுக்கக்கூடியது அதுதான்.

சான்றிதழும் காப்பாற்றாது. 2010-ல் அவர் பெயரில் ஒரு நிர்வாண எண்ணெய் ஓவியம் பெய்ஜிங்கில் 7.28 கோடி யுவானுக்கு ஏலம் போனது. அடுத்த வருடம் மத்திய நுண்கலைக் கழகத்தின் பழைய மாணவர்கள் பத்துப் பேர், அது 1983-ல் தங்கள் வகுப்பில் ஒரே மாடலை வைத்து வரைந்த பயிற்சிப் படங்களில் ஒன்று என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

மை ஓவியத்தை எப்படிப் பாதுகாப்பது?

வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். நேர் வெயில் படும் சுவரும் சமையலறைப் பக்கச் சுவரும் ஆகாது. பதிக்கப் பயன்படும் கோதுமை மாவுப்பசை வெள்ளிப்பூச்சிக்கு விருந்து, எனவே கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை சுருளை விரித்துப் பாருங்கள். கண்ணாடிச் சட்டமிட்டால் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டினால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

அசல்களை எங்கே பார்க்கலாம்?

பெய்ஜிங் ஷின்ஜியேகோவில் உள்ள ஷூ பெய்ஹோங் நினைவு அருங்காட்சியகத்தில். அவர் மறைந்தபின் மனைவி லியாவ் ஜிங்வென் 1,200-க்கு மேற்பட்ட படைப்புகளையும் அவர் சேகரித்த பழைய ஓவியங்களையும் அரசுக்குக் கொடுத்தார். அந்தச் சேகரிப்பில் '87 தேவர்கள்' என்ற பழைய கோட்டோவியச் சுருள் உண்டு. 1937-ல் ஹாங்காங்கில் வாங்கி, 1942-ல் குன்மிங்கில் திருட்டுப் போய், 1944-ல் மீண்டது. வண்ணமே இல்லாமல் கோட்டால் மட்டும் ஆனது. மேற்கத்திய நிழல்முறையைப் போதித்தவர் தன் உயிராக எதை நினைத்தார் என்று அதில் அவர் குத்திய முத்திரையே சொல்லும்: 'பெய்ஹோங்கின் உயிர்'.

கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2019-ல் மறுபடி திறந்தது. தாள் ஓவியங்களை வெளிச்சத்துக்குப் பயந்து சுழற்சி முறையில்தான் மாட்டுவார்கள், குறிப்பிட்ட படத்துக்காகப் போகிறவர்கள் அது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.